மீன் தொட்டிக்கு ஒரு கலிங்கு

வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கும் மீன் தொட்டியின் தண்ணீர் அடிவரை தெளிவாகத் தெரிந்தால், அது சுத்தமாகவே இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவது மனித ஸ்வபாவம்; ஆனால் தெளிவு என்பது பார்க்கிறவருடைய கண்ணுக்கு மட்டுமே சம்பந்தப்பட்ட விஷயமாகையால், அந்தத் தண்ணீரிலேயே சுவாசித்து, அதிலேயே உண்டு, அதிலேயே கழித்து வாழ்கிற ஜீவனின் கதி என்ன என்பதை அது நமக்குத் தெரிவிப்பதில்லை. மீனுக்குத் தீங்கு செய்யும் பதார்த்தங்களில் முக்கியமானவை யாவும் நிறமற்றவை. ஓடையில் வாழும் மீன் கழித்த கழிவை அடுத்த கணமே நீரோட்டம் வாரிக்கொண்டு போய்விடுகிறது. 100 லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் பெட்டிக்குள் அகப்பட்ட மீனுக்கோ, தான் கழித்ததைத் தானே திரும்பத் திரும்பச் செவுளில் ஏற்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்படுகிறது. வாரந்தோறும் நாம் வாளியும் ரப்பர்க் குழாயும் எடுத்துக்கொண்டு தண்ணீர் மாற்றுவது, இல்லாத அந்த நீரோட்டத்துக்காக நாம் செய்யும் பிராயச்சித்தம். அந்தக் காரியத்தைத் தானே இயங்கும் ஓர் ஏற்பாட்டிடம் ஒப்படைக்க முடியுமா, ஒப்படைத்தால் மீனுக்கு என்ன லாபம், வீட்டுக்கு என்ன அபாயம் என்பவற்றை இங்கே சற்று விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் கழிவின் கதை. மீனுக்கு நாம் போடும் தீனியில் பெரும்பகுதி புரதம். புரதத்தின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்குப் 16 பங்கு நைட்ரஜன். உடலுக்கு வேண்டியது போக எஞ்சிய நைட்ரஜனை நாம் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கிறோம். மீனோ அதைப் பெரும்பாலும் அம்மோனியாவாகவே, அதுவும் செவுள்களின் வழியாக, நேரே தண்ணீரில் விட்டுவிடுகிறது. அம்மோனியா கொடிய விஷம். எனினும் தண்ணீரில் கரைந்ததும் அதன் பெரும்பகுதி அம்மோனியம் என்னும் சாதுவான வடிவத்தை எடுத்துக்கொள்கிறது என்பதும், எவ்வளவு பங்கு சாது, எவ்வளவு பங்கு விஷம் என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவே பிரதானமாகத் தீர்மானிக்கிறது என்பதும் இயற்கை செய்துவைத்திருக்கும் விசித்திரமான ஏற்பாடு. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருக்கும்போது விஷ வடிவத்தின் பங்கு நூற்றுக்கு அரைதான், பி.எச். 8 ஆகும்போது அது நூற்றுக்கு ஐந்தைத் தாண்டிவிடுகிறது. இந்தக் கணக்கைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது ஒரு பெரிய விபத்தை விளக்கப் பயன்படும்.

அம்மோனியாவைத் தின்று பிழைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு என்பதை, 1890ஆம் ஆண்டில் சூரிச் நகரில் அவற்றைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டி நிரூபித்தவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கை வினோகிராட்ஸ்கி. பில்டர் ஸ்பாஞ்சிலும், மணலிலும், கண்ணாடியின் மேலும் வழவழப்பான படலமாகப் படிந்து வாழும் இவற்றுள் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்றே நூறாண்டுகளுக்கு மேலாக நம்பப்பட்டு வந்தது. நைட்ரோஸ்பைரா என்னும் இனத்தைச் சேர்ந்த சில பாக்டீரியாக்கள் இவ்விரண்டு வேலைகளையும் தனியொருவராகவே செய்து முடிக்க வல்லவை என்பது 2015ஆம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. அவ்வாறு வெளிப்பட்ட இடங்களில் ஒன்று மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த வடிகட்டி என்பது நம் விஷயத்துக்குப் பொருத்தமான செய்தி. ஆக, பழகிய தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தங்குவதில்லை. ஆனால் காற்றோட்டமுள்ள தொட்டியில் நைட்ரேட்டுக்கு அப்பால் போக வழி இல்லை. செடிகள் உறிஞ்சுவது போக மிச்சமெல்லாம் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும்.

செடியும் மீனும் ஒன்றையொன்று காப்பாற்றிக்கொள்ளும், மனிதன் கை வைக்கவே வேண்டாம் என்னும் கொள்கைக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன நிபுணர், இரண்டு தங்க மீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நாடா வடிவ நீர்ச்செடியையும் ஒரே தொட்டியில் வைத்துப் பார்த்தார். அழுகிய இலைகளால் தண்ணீர் கெடவே, அவற்றைத் தின்பதற்கு நத்தைகளையும் விட்டு, இம்மூன்றும் சேர்ந்தால் சமநிலை ஏற்படுகிறது என்று 1850ஆம் ஆண்டில் அறிவித்தார். மூன்றாண்டுகளுக்குப் பிறகு லண்டன் மிருகக்காட்சிசாலையில் பொதுமக்களுக்காக மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதன்பின் வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கும் மோகம் பரவியது. வாரிங்டனின் சமநிலை, பிராணவாயுவைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மை. ஆனால் இரண்டே மீன்களுக்குச் செடி நிறைந்த தொட்டியை ஒதுக்கிய அவருடைய நிதானம் நம்மிடம் இல்லை. அழகுக்காகப் பத்து மீன்களை விட்டு, தினமும் தீனியை வெளியிலிருந்து கொட்டுகிறோம். உள்ளே வருவது நிற்காதவரை, வெளியே போவதற்கும் ஒரு வழி வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 100 லிட்டர் தொட்டியில், நூற்றுக்கு 45 பங்கு புரதமுள்ள தீனியை நாளுக்கு 1 கிராம் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் நைட்ரஜன் 72 மில்லிகிராம். அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் 320 மில்லிகிராம் அளவுக்கு வரும். அஃதாவது லிட்டருக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராமுக்குச் சற்று மேல். மீனின் வளர்ச்சிக்கும் செடிக்கும் வண்டலுக்கும் பாதி போயிற்று என்று தாராளமாகக் கழித்தாலும், வாரத்துக்கு லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்குக் குறையாமல் ஏறும். வாரந்தோறும் கால் தொட்டித் தண்ணீரை மாற்றுகிறவருடைய தொட்டியில் இது எங்கே போய் நிற்கும்? மாற்றும்போது வெளியேறும் அளவும் வாரத்தில் சேரும் அளவும் சமமாகும் இடத்தில்தான் நிற்கும். 40 மில்லிகிராமில் கால் பங்கு பத்து ஆகையால், மாற்றுவதற்கு முன் 40, மாற்றிய பின் 30 என்று அது ஊசலாடிக்கொண்டிருக்கும். பாதித் தொட்டி மாற்றினால் 20க்கும் 10க்கும் இடையில் ஆடும். மாற்றும் அளவு கூடக் கூட ஊசலாட்டத்தின் மட்டம் தாழ்கிறது. ஆனால் ஒரே வேளையில் பாதித் தண்ணீரை மாற்றுவது மீனுக்கு அதிர்ச்சி தரக்கூடிய காரியம்.

அதிர்ச்சி என்பது அலங்காரச் சொல் அன்று. நன்னீர் மீனின் இரத்தத்தில் உப்பு மிகுதி, வெளியே குறைவு. ஆகையால் தண்ணீர் ஓயாமல் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கிறது, மீன் அதை ஓயாமல் நீர்த்த சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே, இழந்த உப்புகளைச் செவுள்களின் வழியாக மறுபடி ஈர்த்துக்கொள்கிறது. இந்த இடையறாத உழைப்பு, தான் வாழும் தண்ணீரின் உப்பளவுக்குத் தக்கவாறு சீராக்கப்பட்டது. கரைந்த உப்புகளின் அளவாகிய டி.டி.எஸ். வேறுபட்ட தண்ணீரை ஒரே வேளையில் ஏராளமாகக் கொட்டினால், அந்தச் சீர் குலைகிறது.

இதைவிடக் கொடியது, நெடுநாள் கவனிக்காத தொட்டிக்குத் திடீரென்று நன்மை செய்யப் புகும்போது நேரும் விபத்து. பாக்டீரியாக்கள் அம்மோனியாவை மாற்றும்போது தண்ணீரின் க்ஷாரத்தன்மையை உண்டுவிடுகின்றன. ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்க, சுண்ணாம்புக் கார்பனேட் கணக்கில் ஏழு கிராம் அளவுக்குச் செலவாகிறது. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில் இந்த இருப்பு தீர்ந்து, பி.எச். 6க்குக் கீழே இறங்கும். அப்போது பாக்டீரியாக்களின் வேலையும் தளர, அம்மோனியா சேரத் தொடங்கும். அமில நிலையில் அது ஏறத்தாழ முழுவதும் சாதுவான வடிவத்தில் இருப்பதால் மீன்கள் எப்படியோ உயிர்தரித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் வீட்டுக்காரர் மனம் வந்து, பி.எச். 8 உள்ள போர் தண்ணீரைக் கொண்டு பாதித் தொட்டியை நிரப்புகிறார். அம்மோனியாவின் மொத்த அளவு பாதியாகக் குறைந்தும், பி.எச். ஏறியதால் அதன் விஷப் பங்கு பல மடங்கு பெருகிவிடுகிறது. தண்ணீர் மாற்றினதால்தான் மீன் செத்தது என்று அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை; ஆனால் குற்றம் மாற்றியதில் இல்லை, இத்தனை நாள் மாற்றாததில் இருக்கிறது.

ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, தவறாமல் என்பதே தண்ணீர் மாற்றத்தின் நியதி. இந்த மூன்றிலும் மனிதன் பலவீனன், கருவி வல்லது. தானியங்கி ஏற்பாட்டின் முதற்பயன் நம்முடைய முதுகு வலி குறைவது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். மெய்யான பயன், மனிதனால் கடைப்பிடிக்க முடியாத அந்தச் சீரான சிறு மாற்றத்தை மீனுக்கு வழங்குவதே.

புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டு, பழையதைத் தானே வழியவிடும் சொட்டு முறையே இதற்கு ஏற்றது; ஆனால் அதற்கு ஒரு நஷ்டமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 50 லிட்டரை ஒரே வேளையில் இறைத்துவிட்டு நிரப்பினால், பழைய தண்ணீரில் சரிபாதி போய்விடுகிறது. அதே 50 லிட்டரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அதே வேகத்தில் வழியவிட்டால், வழிவதில் சற்று முன் உள்ளே வந்த புதுத் தண்ணீரும் கலந்திருப்பதால், பழையதில் நூற்றுக்கு 39 பங்குதான் வெளியேறுகிறது. சரிபாதி போக வேண்டுமானால் 69 லிட்டர் விட வேண்டும். ஆனால் நாளொன்றுக்கு 10 லிட்டர் வீதம் விட்டுக்கொண்டிருந்தால், மேலே சொன்ன தொட்டியில் நைட்ரேட் 14 மில்லிகிராம் அளவில் அசையாமல் நின்றுவிடுகிறது. ஊசலாட்டமே இல்லாத அந்த நிலைக்கு இது பெரிய விலையன்று. வழிந்த தண்ணீரையோ மாடித் தோட்டத்துச் செடிகளுக்குத் திருப்பிவிடலாம், மீனுக்கு வேண்டாத நைட்ரேட் செடிக்கு உரம். 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வற்றித் தவித்ததை மறக்காத சென்னைவாசிக்கு இந்தத் திருப்பம் விருப்பத்தைப் பொறுத்ததன்று, கடமை.

இனி அமைப்பு. நம் நாட்டு ஏரிகளைக் கட்டினவர்கள், வேண்டும்போது திறந்து மூட மதகையும், அளவுக்கு மிஞ்சியது யாரையும் கேட்காமல் தானே வழிந்தோடக் கலிங்கையும் தனித்தனியே வைத்தார்கள். மதகுக்கு ஆள் வேண்டும்; கலிங்குக்கு ஆளும் வேண்டாம், அறிவும் வேண்டாம், அதன் உயரமே அதன் அறிவு. மீன் தொட்டிக்கும் இதுவே சிறந்த வழி. கண்ணாடியின் மேற்பகுதியில் துளையிட்டு, குழாய் இணைப்பைப் பொருத்தி, வழியும் தண்ணீரைக் கொண்டுபோக விரிந்த குழாய் ஒன்றை விட்டுவிட்டால், உள்ளே எவ்வளவு வந்தாலும் அவ்வளவே வெளியே போகும். கணக்குப் பார்க்க மின்கருவி எதுவும் தேவையில்லை. டஃபன்டு கண்ணாடியில் துளையிட்டால் அது நொறுங்கிப்போகுமாகையால், தொட்டி செய்யும்போதே சாதாரணக் கண்ணாடியில் துளை போட்டு வாங்குவது உத்தமம். துளையின் வாயில், சிறு மீன் நுழையாதபடியும் இலை அடைக்காதபடியும் பல்வைத்த மூடி ஒன்று அவசியம். புதுத் தண்ணீர் விழும் இடம் வடிகாலுக்கு நேர் எதிர்க் கோடியில் இருக்க வேண்டும்; பக்கத்தில் இருந்தால் வந்தது வந்த வழியே போய்விடும்.

உள்ளே வருவதை அளக்க, விவசாயிகள் தென்னைக்கும் வாழைக்கும் பயன்படுத்தும் சொட்டுநீர்ச் சொட்டுவானே போதும். மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுவானை ஐந்து மணி நேரம் இயக்கினால் நம் பத்து லிட்டர் கிடைத்துவிடும். ஆனால் அந்த 2 லிட்டர் என்பது குறிப்பிட்ட அழுத்தத்துக்கு எழுதப்பட்ட கணக்கு; பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் தரும் அழுத்தத்துக்கும், மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழேயுள்ள மேல்மாடி வீட்டில் கிடைக்கும் மூன்று மீட்டர் அழுத்தத்துக்கும் வித்தியாசம் பெரிது. ஆகையால் எழுதியிருப்பதை நம்பாமல், அளவுக் குவளை ஒன்றைச் சொட்டுவானுக்குக் கீழே வைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேருகிறது என்று பார்த்துக்கொள்வதே முறை. உப்புத் தண்ணீரில் சொட்டுவானின் வாய் சுண்ணாம்பு படிந்து அடைபடும். வினிகரில் ஊறவைத்தால் திறந்துகொள்ளும். அடைபடுவதிலும் ஒரு நன்மை இருக்கிறது: அந்தப் பிழை தண்ணீரைக் குறைக்குமேயன்றிப் பெருக்காது.

சொட்டுவானுக்கு முன்னால் டைமரோடு இணைந்த சோலனாய்டு வால்வு வரும். மின்சாரம் இருக்கும்போது திறந்து, போனதும் தானே மூடிக்கொள்ளும் வகையையே வாங்க வேண்டும். வாஷிங் மெஷினில் உள்ள வால்வைக் கழற்றிப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அவ்வகை வால்வுகளுக்குக் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும், அது இல்லாதபோது சரியாகத் திறக்காமலும் மூடாமலும் தொல்லை தரும்.

துளையிட முடியாத தொட்டிக்கு இரண்டு பம்புகளும் இரண்டு மிதவைகளும் கொண்ட முறை இருக்கிறது: ஒரு பம்பு, கீழ்மிதவை இறங்கும்வரை பழைய தண்ணீரை இறைக்கும்; மற்றொன்று, மேல்மிதவை எழும்வரை புதியதை நிரப்பும். மிதவையைக் கொண்டு நீர்மட்டத்தைத் தானே நிலைநிறுத்தும் யுக்தி, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிடெசிபியஸ் செய்த நீர்க்கடிகாரம்வரை பழமையானது. அதன் பலவீனமும் அவ்வளவு பழமையானதே. சிறு நத்தை ஒன்று மிதவையின் தண்டிலேறி ஒட்டிக்கொண்டால் போதும்: மிதவை எழ மறுக்கும், தொட்டி நிரம்பவில்லை என்று பம்பு நினைத்துக்கொண்டே இருக்கும், கூடம் நனையும். அதனால்தான் அனுபவசாலிகள் சற்று உயரத்தில் இன்னொரு மிதவையை வைத்து, அது எழுந்தால் மின்சாரமே அறுபடும்படி செய்கிறார்கள். பம்பு நின்ற பின்னும் தண்ணீர் ஓடக்கூடும் என்பது இன்னொரு சூட்சுமம். நிரப்பும் குழாயின் முனை தொட்டித் தண்ணீரில் மூழ்கியிருந்து, சேமிப்புப் பாத்திரம் தாழ்வான இடத்தில் இருந்தால், சைஃபன் முறையில் தொட்டித் தண்ணீர் நின்றுபோன பம்பின் வழியாகவே திரும்பிக் கீழே இறங்கிவிடும். பாத்திரம் உயரத்தில் இருந்தால், பாத்திரம் முழுவதும் தொட்டிக்குள் இறங்கும். நீர்மட்டத்துக்கு மேலே குழாயில் ஊசித்துளை ஒன்று போட்டுக் காற்றை நுழையவிட்டால் இந்த ஓட்டம் அறுந்துவிடும்.

எல்லாவற்றிலும் சிறந்த காவல், அளவிலேயே அடங்கியிருக்கிறது. 75 சென்டிமீட்டர் நீளமும் 35 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில், ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்திலும் 2.6 லிட்டர் தண்ணீர் நிற்கும். விளிம்புக்குக் கீழே நான்கு சென்டிமீட்டர் இடம் விட்டால் பத்து லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். நிரப்பும் பம்பு, பத்து லிட்டரே கொள்ளும் பாத்திரத்திலிருந்து எடுக்குமானால், மிதவைகள் யாவும் சேர்ந்து பொய் சொன்னாலும் தரை நனைய வழியில்லை. குழாயோடு நேரே இணைத்த தொட்டிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே மாடித் தொட்டி முழுவதும் வீட்டுக்குள் வரக் காத்திருக்கிறது. இறைக்கும் பக்கத்திலும் இதே நியாயம் பொருந்தும்: உறிஞ்சும் குழாயின் முனை, ஹீட்டரின் தலைக்கு மேலேயே நின்றுவிட்டால், எந்தப் பிழையாலும் ஹீட்டர் காற்றில் வெளிப்பட்டு வெடிக்காது.

கடைசியாக, வரும் தண்ணீரின் யோக்கியதை. குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நமக்குக் காவலான அந்தக் குளோரின் மீனின் செவுளை அரிக்கும். மெல்லச் சொட்டும்போது மிகவும் நீர்த்துப்போவதால் அபாயம் குறைகிறது என்றாலும், அடுக்குமாடிக் குடியிருப்பில் தொட்டி கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் இந்தத் தைரியம் செல்லாது. வழியில் ஒரு கரி பில்டர் வைப்பதும், சேமிப்புப் பாத்திரமானால் அதில் ஆன்டிகுளோரின் என்று விற்கும் தயோசல்ஃபேட்டைச் சேர்ப்பதும் நல்லது. போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தால், எவ்வளவு மாற்றினாலும் தொட்டியின் அளவு அதற்குக் கீழே இறங்காது. குடிநீருக்கு அனுமதித்த உச்ச அளவே லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பதால், முதலில் சோதிக்க வேண்டியது தொட்டியை அல்ல, குழாயை. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் விட்டால் க்ஷார இருப்பு தேய்ந்து, முன் சொன்ன அமிலக் கேடு வேறு வழியில் வந்து சேரும். கலந்து விடுவதே சரி. மே மாதத்து நடுப்பகலில் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். ஆகையால் டைமரை விடியற்காலைக்கு வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின், ஏற்பாட்டை நம்புவதற்கு முன், அதை வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது முக்கியமான கடமை. வீட்டில் இருக்கும் ஒரு விடுமுறை நாளில், வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இயக்கத்தின் நடுவே மின்சாரத்தை அறுக்க வேண்டும். மிதவையைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வடிகாலின் வாயைத் துணியால் அடைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் எங்கே போகிறது என்று நின்று பார்க்க வேண்டும். எந்தக் கருவியும் ஒருநாள் கெடும். கெடும்போது தீங்கில்லாத பக்கமாகக் கெடுகிறதா என்பதே கேள்வி. இந்த மூன்று சோதனைகளிலும் தரை உலர்ந்தும் மீன் நீந்தியும் இருந்தால், பத்து நாள் ஊருக்குப் போகலாம். இல்லையென்றால், அந்த ஏற்பாட்டைவிடப் பழைய வாளியே மேல்.